ஓடிய கிலோமீட்டரை விடுங்கள், நின்ற மாதங்களைக் கேளுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேயிலைத் தோட்டமும் சிறிய தங்கும் விடுதியும் இருக்கின்றன. வாரம் ஒருமுறையாவது கோயம்புத்தூருக்கு இறங்கி ஏறுவேன். 2016-ஆம் ஆண்டு பதிவான பி.எம்.டபிள்யூ ஐ8 ஹைப்ரிட் கார் ஒன்று பெங்களூருவில், புதிதில் விற்ற விலையில் பாதிக்கும் குறைவாக வந்திருக்கிறது. 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இரண்டு கை மாறியது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. பேட்டரியின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதை விற்பவரே ஒப்புக்கொள்கிறார். ‘இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி இனிக் கிடைக்காது’ என்கிறார் தரகர். நம்பி வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? எங்கள் வீட்டு வாசல் வேறு செங்குத்தான ஏற்றம். அடி தட்டுமோ என்று வீட்டில் கேட்கிறார்கள்.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

தரகர் உங்களுக்கு நம்பிக்கையூட்டச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் சந்தேகம் தொடங்குகிறது. சாதாரண பெட்ரோல் காருக்குக் குறைந்த ஓட்டம் ஓரளவு நற்சான்றுதான். ஆனால் இந்த வகை வண்டிக்கு அது நற்சான்று அல்ல, விளக்கம் கேட்க வேண்டிய விஷயம். 2016 முதல் 14,000 கிலோமீட்டர் என்றால் மாதத்துக்கு நூற்றைம்பது கிலோமீட்டரைக்கூட எட்டாத ஓட்டம்; பெங்களூருவில் அது இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளின் வேலை. மீதி நாட்களில் வண்டி எங்கே நின்றது, எவ்வளவு சார்ஜோடு நின்றது, மாதக்கணக்கில் நின்றபோது அதன் 12 வோல்ட் பேட்டரியை யாராவது கவனித்தார்களா என்பவையே நான் முதலில் கேட்கும் கேள்விகள். இருபத்தைந்து ஆண்டுகள் பணிமனைகளில் இருந்துவிட்டு, இப்போது குன்னூரில் இருந்தபடி பழைய வண்டிகளை வாங்குவோருக்காகப் பரிசோதித்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓடித் தேய்ந்த ஹைப்ரிட் வண்டிகளைவிட நின்று கெட்ட ஹைப்ரிட் வண்டிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐ8-ஐ சூப்பர் கார் என்று அழைக்கலாமா என்பதில் கார்ப்பிரியர்களிடையே ஓயாத வழக்கு உண்டு. அதன் பின்புறத்தில் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். அது 231 குதிரைத்திறனைப் பின் சக்கரங்களுக்குத் தருகிறது. முன்புறத்தில் 131 குதிரைத்திறன் கொண்ட மின்மோட்டார் முன் சக்கரங்களை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே இணைப்புத் தண்டு எதுவும் கிடையாது. இரண்டையும் ஒன்றாக நடத்துவது மென்பொருள் மட்டுமே. பயணிகள் அமரும் கூடு கார்பன் ஃபைபரால் ஆனது. நடுவிலுள்ள சுரங்கம் போன்ற பகுதியில் நீளவாக்கில் பேட்டரி படுத்திருக்கிறது. ஜெர்மனியின் லைப்ஸிக் ஆலையில் 2014 முதல் 2020 வரை இருபதாயிரத்துச் சொச்சம் வண்டிகள் தயாராயின. இந்தியாவில் 2015-இல் 2.29 கோடி ரூபாய்க்கு அறிமுகமானது. வழக்கு எப்படியும் இருக்கட்டும். உங்களுக்கு முக்கியமானது, இது ஒரே உடலுக்குள் இருக்கும் இரண்டு வண்டிகள் என்பதுதான். ஒன்று நன்றாக இருப்பதைக் கண்டு மற்றதும் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டக் கூடாது.

நின்றால் என்ன கெடும் என்று கேட்பீர்கள். லித்தியம் பேட்டரிக்கு இரண்டு வகை முதுமை உண்டு: ஏற்றி இறக்குவதால் வருவது ஒன்று, வெறுமனே காலம் கழிவதால் வருவது மற்றொன்று. இரண்டாவதை விரைவுபடுத்துபவை வெப்பமும் நிறைந்த சார்ஜும். சென்னை வெயிலில் முழுச் சார்ஜோடு மாதக்கணக்கில் நின்ற பேட்டரி, தினமும் ஓடி, பாதிச் சார்ஜில் இரவைக் கழித்த பேட்டரியைவிட மோசமான நிலையில் இருக்க எல்லா நியாயமும் உண்டு. வண்டி இப்போது பெங்களூருவில் இருப்பது ஆறுதல்தான். ஆனால் முதல் உரிமையாளர் எந்த ஊர்க்காரர் என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்மாறாக, அறவே காலியான நிலையில் நெடுநாள் விடப்பட்டால் செல்களின் மின்னழுத்தம் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். அப்படி இறங்கியவற்றை மீட்பது கடினம், சில சமயம் ஆபத்தும்கூட. எனவே முழுதாகவும் கூடாது, காலியாகவும் கூடாது. நடுவில் நின்ற வண்டிதான் வேண்டும். அதை உரிமையாளரின் வாய்மொழியால் நிறுவ முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பணிமனைக்குச் சென்ற ரசீதுகளும், அவற்றில் பதிவான ஓடோமீட்டர் எண்களும் சீராக ஏறிக்கொண்டே வந்திருந்தால் ஓரளவு நம்பலாம். 11,000-இலிருந்து 11,200-க்குப் போக இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தால், அந்த இரண்டரை ஆண்டுகளின் கதையைக் கேளுங்கள்.

பெரிய பேட்டரியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். சின்ன பேட்டரியை யாரும் மதிப்பதில்லை. ஹைப்ரிட் வண்டியில் எஞ்சினைச் சுழற்றுவதோ மோட்டாரை ஓட்டுவதோ 12 வோல்ட் பேட்டரியின் வேலை அல்ல. ஆனால் எல்லாக் கணினிகளையும் எழுப்பி, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் உயர் மின்னழுத்தச் சுவிட்சுகளைப் போடுவது அதுதான். அது நலிந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்து எச்சரிக்கைகள் திரையில் வரிசையாக வரும். சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் நின்ற ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்க்க அழைத்தார்கள். பிரேக், கியர், ஏர்பேக் என எல்லா விளக்குகளும் எரிந்தன. விற்பவர் ‘சென்சார் கோளாறு, ஐந்தாயிரத்தில் முடிந்துவிடும்’ என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தால் சின்ன பேட்டரி 10.8 வோல்ட். புதியது மாட்டியதும் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. விற்பவர் முகத்தில் வெற்றி. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்தப் புதிய பேட்டரியும் இறங்கியிருந்தது. பூட்டிய பிறகும் உறங்கப் போகாமல் விழித்திருந்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி, இரவெல்லாம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அடித்தளத்தில் முன்பு தேங்கிய மழைநீர் அதன் இணைப்புக்குள் புகுந்திருந்தது. ஆகவே நீங்கள் பார்க்கப் போகும்போது, முந்தைய நாள் மாலையே வண்டியைப் பூட்டி, சார்ஜரைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை நீங்கள் வந்த பிறகுதான் முதல்முறையாகத் திறக்க வேண்டும். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால், பேச்சை அன்றைக்கு அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம்.

இனிப் பேட்டரியின் கொள்ளளவை அளப்பது. இதற்கு வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பணிமனைதான் தேவை என்பதில்லை. நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஐ8-இன் பேட்டரி மொத்தம் 7.1 யூனிட் கொண்டது. அதில் ஓட்டத்துக்குப் பயன்படுத்த வண்டி அனுமதிப்பது 5.2 யூனிட். மின்கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பிளக்கோடு மாட்டக்கூடிய யூனிட் மீட்டர் ஒன்றை, 15 ஆம்ப் சுமையைத் தாங்குவதாகப் பார்த்து வாங்கிச் செல்லுங்கள். மின்மோட்டாரில் மட்டும் ஓடும் ஈ-டிரைவ் நிலையில் வண்டியை ஓட்டி, எஞ்சின் தானாகவே எழும் வரை சார்ஜை இறக்குங்கள். பிறகு மீட்டர் வழியாகச் சார்ஜரை மாட்டி, முழுதாக நிறையும் வரை காத்திருங்கள். மூன்று மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், பக்கத்தில் ஒரு காப்பிக் கடை இருந்தால் போதும். சார்ஜர் விழுங்கும் இழப்பையும் சேர்த்து, நல்ல நிலையில் உள்ள பேட்டரி சுவரிலிருந்து ஆறு யூனிட்டுக்குச் சற்று முன்பின் இழுக்க வேண்டும். நான்கு யூனிட்டிலேயே ‘நிறைந்துவிட்டது’ என்று காட்டினால், மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். திரையில் காட்டும் கிலோமீட்டரை இதற்கு அளவுகோலாக எடுக்காதீர்கள். அது கடைசியாக ஓட்டியவரின் காலைப் பொறுத்து மாறும். ஐரோப்பியப் பழைய சோதனை முறையில் இந்த வண்டிக்கு 37 கிலோமீட்டர் என்றும், அமெரிக்கச் சோதனையில் 24 கிலோமீட்டர் என்றும் எழுதினார்கள். வண்டி ஒன்றுதான், ஓட்டிய விதம் வேறு.

கொள்ளளவு நன்றாக இருப்பது பாதிச் செய்திதான். உள்ளே 96 செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன; அவற்றில் மிகவும் பலவீனமானது எதுவோ அதுவே முழுப் பேட்டரியின் எல்லை. அங்கீகரிக்கப்பட்ட பணிமனையின் கணினியில்தான் ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும், உயர் மின்னழுத்தச் சுற்றின் காப்புத் தடையையும், அதாவது மின்சாரம் வண்டியின் உடலுக்குள் கசியாமல் தடுக்கும் திறனையும், படிக்க முடியும். அந்த இரண்டு பக்கங்களையும் அச்சிட்டுக் கேளுங்கள். ‘பேட்டரி ஓகே’ என்று சர்வீஸ் ஆலோசகர் பேனாவால் எழுதிக் கொடுப்பதை அதற்கு ஈடாக ஏற்க வேண்டாம்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, ஏர் கண்டிஷனர். இந்த வண்டியின் பேட்டரியைக் குளிர்விப்பது தனி நீர்ச்சுற்று அல்ல; உங்கள் முகத்தில் குளிர்காற்று வீசும் அதே ஏ.சி.யின் குளிர்வாயுதான் பேட்டரிக்கு அடியிலும் ஓடுகிறது. அந்த ஏ.சி. கம்ப்ரசரும் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. ‘கோத்தகிரியில் ஏ.சி. எதற்கு, போகட்டும் விடுங்கள், விலையில் கழித்துக்கொள்ளலாம்’ என்று விற்பவர் சொன்னால் உங்களுக்கு நியாயமாகத்தான் படும்; ஆனால் மேட்டுப்பாளையத்தில் ஏப்ரல் மாத மதியம் நிற்கும்போது பேட்டரிக்குத் தேவையான குளிர்ச்சியையும் சேர்த்தே நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். ஏ.சி. பலவீனமாக இருந்தால், காரணம் தெரியும் வரை பேரம் பேசாதீர்கள்.

எஞ்சினைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது அதே நிறுவனத்தின் சிறிய கார்களில் உள்ள மூன்று சிலிண்டர் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை அறிந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஹைப்ரிட்டில் அதற்கு நேரும் கொடுமை ஒன்றுதான்: ஓட்டுநர் மின்மோட்டாரில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று மிதிப்பார், உறங்கிக்கொண்டிருந்த எஞ்சின் குளிர்ந்த எண்ணெயோடு அப்போதே முழுச் சுமையை ஏற்க வேண்டும். ஆகவே எஞ்சின் ஆயில் கிலோமீட்டர் கணக்கில் மாற்றப்பட்டதா, ஆண்டுக் கணக்கில் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்பதே என் கணக்கு. எஞ்சினோடு பெல்ட்டால் பிணைந்த உயர் மின்னழுத்த ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் எழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெல்ட்தான் அடியை வாங்குகிறது. அதன் வெடிப்புகளையும், எஞ்சின் எழும்போது கிறீச்சிடும் ஒலி கேட்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பெட்ரோல் டேங்க்கும் இதில் சற்று வேறானது. எஞ்சின் அடிக்கடி ஓடாததால் பெட்ரோல் ஆவியை எரித்துத் தீர்க்க வழியில்லை. எனவே ஆவியை அழுத்தத்தோடு அடைத்து வைக்கும்படி டேங்க்கைச் செய்திருக்கிறார்கள். மூடியைத் திறக்க உள்ளே பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும் வரை சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுதானால் மூடி திறக்காது. பங்க்கில் வரிசை பின்னால் நிற்க, நீங்கள் அசடு வழிய வேண்டியதுதான். ஆகவே பார்க்கப் போகும் நாளில் உங்கள் செலவிலேயே ஐந்து லிட்டராவது போட்டுப் பாருங்கள். மூடி மூன்று முறை தடங்கலின்றித் திறக்க வேண்டும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலின் தரமும் கேள்விக்குரியது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு. எவ்வளவு எத்தனால் வரை இந்த வண்டி தாங்கும் என்பதைக் கையேட்டிலும் டேங்க் மூடியின் உட்புறத்திலும் பார்த்து, அதற்கேற்ற எரிபொருள் உங்கள் வழியில் எங்கே கிடைக்கும் என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸ்கேனர் மாட்டினால் ‘பழுது எதுவும் இல்லை’ என்று வருவது மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால் பழுதுகளை நேற்று இரவு அழித்திருந்தாலும் அதேதான் வரும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பழுதுக் குறியீடுகளை அழிக்கும்போது புகைக் கட்டுப்பாடு தொடர்பான சுயபரிசோதனைகளும் ‘முடியவில்லை’ என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை மீண்டும் நிறைவடையப் பல பயணங்கள் பிடிக்கும். பழுதும் இல்லை, சுயபரிசோதனைகளும் முடியவில்லை என்றால், யாரோ அண்மையில் பலகையைத் துடைத்திருக்கிறார்கள். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஆரஞ்சு நிற உறையிட்ட வயர்களைக் கண்ணால் மட்டும் பாருங்கள். அவை உயர் மின்னழுத்த வயர்கள், விரல் அங்கே போகக் கூடாது. அவற்றின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன். நின்ற வண்டிக்குள் எலி குடியேறுவது நகரத்திலும் உண்டு. தேயிலைத் தோட்டத்துக் கொட்டகையில் அது எவ்வளவு எளிது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கீறல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வண்டியின் வெளித்தகடுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகை; அவற்றைக் கழற்றிப் புதியது மாட்டிப் பெயின்ட் அடித்தால் பழைய விபத்தின் சுவடு வெளியே தெரியாது. பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் கார்பன் கூட்டை. இரும்பு நசுங்கினால் நசுங்கல் தெரியும்; கார்பன் ஃபைபர் நசுங்காது, அடுக்குகள் விலகும் அல்லது விரியும். கதவைத் தூக்கியதும் தெரியும் வாசல் படியின் உட்பகுதி, கதவுக் கீல்களைச் சுற்றிய இடம், அடியில் ஜாக்கி வைக்கும் இடங்கள் ஆகியவற்றில் நெசவு வரிகள் ஒரே சீராக ஓடுகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதிய பிசின் பளபளத்தால் அதற்கான பில் இருக்க வேண்டும். வெள்ளத்தில் நனைந்த வண்டியா என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் வேறு மாநிலச் சந்தைகளுக்கும் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, சுருளுக்குள் இருந்த துணியின் நிறத்தைப் பாருங்கள். கழுவுகிறவர்கள் அந்த ஒரு அடியை மறந்துவிடுவார்கள்.

இவ்வளவும் எந்த ஊர்க்காரரும் பார்க்க வேண்டியவை. நீங்கள் மலைக்காரர் என்பதால் மேலும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர். கோத்தகிரி ஏறக்குறைய 1,790 மீட்டர். சுமார் 1,640 கிலோ எடையை, அதாவது வண்டியையும் இரண்டு பேரையும், அந்த உயரத்துக்குத் தூக்கவே ஆறரை யூனிட் ஆற்றல் வேண்டும். உருளும் உராய்வும் காற்றின் தடையும் அதற்கு மேல். பேட்டரியில் பயன்படுவதோ 5.2 யூனிட். ஆகவே மேட்டுப்பாளையத்தில் முழுச் சார்ஜோடு புறப்பட்டு மின்மோட்டாரை நம்பி ஏறினால், பாதிக்குச் சற்று மேலே அது தீர்ந்து, மீதி வழியெல்லாம் சிறிய எஞ்சின் தனியாக மூச்சு வாங்கும். ஏறும்போது வண்டியை ஸ்போர்ட் நிலையில் வையுங்கள். எஞ்சின் தொடர்ந்து ஓடி, சார்ஜைக் காப்பாற்றிக்கொள்ளும்.

இறங்கும்போது கணக்கு தலைகீழாகிறது, ஆபத்தும் அங்கேதான். இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டே பேட்டரியை நிரப்பும். அந்த ஆறரை யூனிட்டில் பாதி திரும்பினால்கூட மூன்று யூனிட்டுக்கு மேல். நீங்களோ இரவெல்லாம் வீட்டில் சார்ஜ் செய்து, காலையில் நூறு சதவீதத்தோடு இறங்குவீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் பிடிக்க முடியுமா? மோட்டாரின் பிடிப்பு போய், சுமை முழுவதும் பிரேக் டிஸ்க்கின் மேல் விழும். கோத்தகிரியில் வாழ்கிறவர் இந்த வண்டியைப் பாதிக்கு மேல் சார்ஜ் செய்யாமல் இறங்குவதே சரி. வாங்கும் முன் பரிசோதனைக்கும் இதே கணக்கைப் பயன்படுத்தலாம். வண்டி பெங்களூருவில் இருப்பதால் நந்தி மலைக்கு ஓட்டிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். உச்சிக்குப் போகும்போது சார்ஜ் பாதிக்குக் கீழே இருக்கட்டும். இறங்கும்போது சார்ஜ் முள் சீராக ஏறுகிறதா, பிரேக்கை மெல்ல மிதிக்கையில் மோட்டாரின் பிடிப்பிலிருந்து டிஸ்க்கின் பிடிப்புக்கு மாறும் கணத்தில் உதறல் உண்டா, கீழே வந்ததும் நான்கு சக்கரங்களில் ஏதேனும் ஒன்று மட்டும் அதிகம் சுடுகிறதா என்று பாருங்கள். நாள் முழுக்க நகரத்தில் ஓட்டினாலும் இந்த ஒரு மணி நேரம் சொல்வதைச் சொல்லாது.

மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க்குகள் பயன்பாடின்றித் துருப்பிடிப்பது இந்த வகை வண்டிகளின் இயல்பு. நம் ஊர் மஞ்சுமூட்டம் அதை இன்னும் விரைவாக்கும். டிஸ்க்கின் விளிம்பில் தடித்த துரு வரம்பும், முகத்தில் வட்டக் கோடுகளும் இருந்தால் புதிய டிஸ்க்குக்கான தொகையைக் கழித்துப் பேசுங்கள். டயர்களைப் பார்க்கும்போது பட்டன் ஆழத்தோடு நிறுத்திவிடாமல், பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்; ‘2217’ என்றால் 2017-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம். முன்புறம் 195/50 ஆர்20, பின்புறம் 215/45 ஆர்20 என்ற இந்த விசித்திரமான அளவுகள் நீலகிரியில் எந்த டயர்க் கடையிலும் இருப்பில் இருக்காது. ஸ்டெப்னியும் வண்டியில் கிடையாது. கட்டபெட்டுப் பக்கம் இரவில் பஞ்சரானால் பிளாட்பெட் லாரி கீழேயிருந்துதான் வர வேண்டும். கொக்கி போட்டு இழுக்கும் வண்டியைக் கிட்டே விடாதீர்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்நாடகப் பதிவு என்பதால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம். தமிழ்நாட்டின் ஆயுள் வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 2023 நவம்பர் முதல் அது 20 சதவீதம், பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும். தரகர் சொன்ன விலையில் இந்தத் தொகை நிச்சயம் இருக்காது, ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்னதாகவே கணக்குப் போட்டு வாங்கிவிடுங்கள். கர்நாடகத்தில் முன்பு கட்டிய வரியின் மீதியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கும் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீலகிரிக்குரிய டி.என். 43 எண் வரும் வரை உங்கள் சொந்த வீட்டுக்கு வருவதற்கே இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கும். 2024 மே மாதம் முதல் வெளியூர்ப் பதிவு எண்களுக்கு அது நடைமுறையில் இருக்கிறது.

ஐ8 வேண்டாம், இன்னும் புதிய ஹைப்ரிட் சூப்பர் கார் பார்க்கலாமா என்று யோசனை ஓடினால், ஒரு தகவல். மெக்லாரன் ஆர்டுரா, ஃபெராரி 296 ஜி.டி.பி., எஸ்.எஃப்.90 ஆகியவற்றின் கியர்பெட்டியில் ரிவர்ஸ் கியரே கிடையாது. பின்னால் போவது மின்மோட்டாரால் மட்டும். மின்பகுதி படுத்துவிட்டால் எஞ்சின் கர்ஜித்துக்கொண்டே இருக்கும், வண்டி ஓரடிகூடப் பின்வாங்காது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வந்து நிற்கும்போது அது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். ஐ8-இன் கியர்பெட்டி வழக்கமான ஆறு கியர் ஆட்டோமேட்டிக். ரிவர்ஸ் அதிலேயே இருக்கிறது. பழைய வண்டிக்கும் சில நன்மைகள் உண்டு.

வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இந்த வண்டியை இப்போது சொன்ன விலைக்கு, இப்போது தெரிந்த தகவல்களோடு வாங்க வேண்டாம். யூனிட் மீட்டர் ஐந்தரைக்கு மேல் காட்டி, செல் மின்னழுத்தப் பக்கமும் காப்புத் தடைப் பக்கமும் சீராக இருந்து, சர்வீஸ் ரசீதுகளில் பெரிய இடைவெளிக்கு நம்பத்தகுந்த காரணம் கிடைத்தால், வாங்குங்கள். கோத்தகிரியின் குளிர் அந்த பேட்டரிக்கு நல்லதே செய்யும். அதற்கு முன் கோயம்புத்தூரிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கு நேரில் சென்று, உயர் மின்னழுத்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர் அங்கேயே இருக்கிறாரா, இல்லையென்றால் வண்டி எந்த ஊருக்குப் போகும், பேட்டரித் தொகுதி ஒன்றின் விலையும் ஏ.சி. கம்ப்ரசரின் விலையும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த இரண்டு விலைகளையும் கூட்டி, அந்தத் தொகை கையில் தனியாக இருந்தால் மட்டும் பெங்களூருக்கு ரயில் ஏறுங்கள். ஓட்டத்தில் 40,000 கிலோமீட்டர் காட்டி, ஆண்டுதோறும் ரசீது உள்ள இன்னொரு ஐ8 இதே விலைக்குக் கண்ணில் பட்டால், நான் அதைத்தான் எடுப்பேன்.

கடைசியாக, உங்கள் வீட்டில் கேட்ட கேள்வி. மற்ற எல்லாவற்றையும்விட எளிதாக விடை காணக்கூடியது. இந்த வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 117 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை 2,800 மில்லிமீட்டர். தச்சரிடம் சொல்லி, அந்த நீளத்துக்கு வளையாத நேரான ரீப்பர் ஒன்றை எடுத்து, இரண்டு முனைகளிலும் 117 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கட்டைக் கால் அடியுங்கள். சாலையிலிருந்து வாசல் ஏற்றம் தொடங்கும் இடத்திலிருந்து, ஏற்றம் முடிந்து முற்றம் சமமாகும் மேட்டைத் தாண்டும் வரை, இருவர் பிடித்து அதை வண்டி போகும் பாதையில் மெல்ல நகர்த்துங்கள். மேட்டில் ரீப்பரின் நடுப்பகுதி தரையைத் தொட்டால் வண்டியின் வயிறும் தொடும். முன் மூக்குக்கு, ஏற்றம் தொடங்கும் இடத்தில் ரீப்பரை முன்காலுக்கு அப்பால் ஒரு மீட்டர் நீட்டி அதேபோல் பாருங்கள். தொட்டால், ஏற்றத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றரை மீட்டர் அளவுக்கு நீட்டிச் சாய்வைத் தணிக்கும்படி மேஸ்திரியிடம் சொல்லுங்கள். அக்டோபர் மழைக்கு முன்பே காங்கிரீட் போட்டுவிட்டால் நன்றாக இறுக அவகாசம் கிடைக்கும்.